பெட்டி நசுங்கவில்லை, பல்பு மட்டும் போய்விட்டது: லாரியில் பல்பு அனுப்புவது எப்படி?

இழைவிளக்கு:

வணக்கம். மேடை நாடகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் பழைய வகை இழை பல்புகளைத் தேடிச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் 12 பெட்டிகளை லாரியில் பார்ட் லோடாக, அதாவது மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து, அனுப்பினேன். மொத்தம் 480 பல்பு. கூடவே ஒரு நீளப் பெட்டியில் 20 நாலடி டியூப்லைட். வாங்கியவர்கள் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கீறலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து மாட்டிப் பார்த்தால் 90 பல்புக்கு மேல் எரியவில்லை. அதில் கண்ணாடி உடைந்தது 14 மட்டுமே. மற்றதெல்லாம் வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கிறது, உள்ளே இழை அறுந்து தொங்குகிறது. டியூப்லைட்டில் 6 உடைந்திருந்தது.

ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டிதான் போட்டேன். "கண்ணாடிப் பொருள், கவனம்" என்று நான்கு பக்கமும் பெரிதாக எழுதினேன். இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. இவற்றில் பல வகைகளை இப்போது யாரும் தயாரிப்பதே இல்லை. பணம் போனதை விட அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கிடங்குக்காரன்:

பெட்டிக்குள் எப்படி அடுக்கினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்புக்கும் தனி உறை இருந்ததா? எத்தனை அடுக்கு? மேலே இடைவெளி இருந்ததா? மூடி ஒட்டிய பிறகு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தீர்களா?

இழைவிளக்கு:

ஒவ்வொன்றுக்கும் அதனுடைய மெல்லிய அட்டை உறை இருந்தது. ஒரு பெட்டியில் 40, இரண்டு அடுக்காக. இடம் மிச்சமாகட்டும் என்று ஒன்று தலைகீழ், ஒன்று நேராக வைத்தேன். அடுக்குகளுக்கு நடுவே செய்தித்தாள். மேலே இரண்டு அங்குல இடைவெளி இருந்தது, அதிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன். குலுக்கிப் பார்த்தபோது சத்தம் வரவில்லை.

கிடங்குக்காரன்:

கசக்கிய செய்தித்தாள் ஒட்டுகிற அன்று நன்றாகத்தான் இருக்கும். லாரியில் ஒரு ராத்திரி ஆடியதும் அமுங்கிப் போகும், அமுங்கியது திரும்ப எழும்பாது. பபுள் ராப் அழுத்தினால் ஓரளவு திரும்பி வரும், ஃபோம் இன்னும் நன்றாக வரும், காகிதம் வராது. அங்கே போய்ச் சேர்ந்தபோது உங்கள் பெட்டியைக் குலுக்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும்.

அப்புறம் அந்தத் தலைகீழ் அடுக்கு. அதை இனிமேல் செய்யாதீர்கள். பல்பின் உருண்டைக் கண்ணாடி சீரான அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஒரே புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. ஒன்று நேர், ஒன்று தலைகீழ் என்று வைத்தால் ஒரு பல்பின் உலோக மூடி பக்கத்துப் பல்பின் கண்ணாடியை ஒட்டி வருகிறது. நடுவில் இருப்பது மெல்லிய அட்டை மட்டும். லாரி குலுங்கும்போதெல்லாம் சின்னச் சுத்தியால் தட்டுவது மாதிரிதான். உடைந்த அந்த 14 பல்பையும் எடுத்துப் பாருங்கள். உடைப்பு கழுத்தில் இல்லாமல் வயிற்றுப் பகுதியில் தொடங்கியிருந்தால் காரணம் இதுவே.

இழைவிளக்கு:

படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 14-இல் 11 வயிற்றில்தான் உடைந்திருக்கிறது. நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இழை அறுந்த மற்றவை? அவற்றின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

சோதனைக்கூடம்:

பொதிகளை வேண்டுமென்றே கீழே போட்டு, அதிர வைத்துச் சோதிப்பது என் தொழில். "பெட்டி அப்படியே இருக்கிறது, உள்ளே போய்விட்டது" என்பது எங்களுக்குப் பழகிய புகார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு பெட்டி 1 மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிறது என்று வையுங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர். அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்ததுதான் அதிர்ச்சி. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் புவியீர்ப்பைப் போல 330 மடங்குக்கு மேல். 3 சென்டிமீட்டரில் நின்றால் 33 மடங்கு. இது சராசரிதான், உச்சம் இதைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். நீங்கள் போட்ட ஐந்து அடுக்கு அட்டை பெட்டி நசுங்காமல் காக்கும். நிற்கும் தூரத்தை அது சில மில்லிமீட்டருக்கு மேல் கொடுக்காது.

பெட்டி மூலையில் விழுந்தால் மூலை நசுங்கும். நசுங்கும்போதே வேகத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அடிப்பக்கம் முழுவதும் தரையில் படும்படி தட்டையாக விழுந்தால் எதுவும் நசுங்காது, தடயமும் இருக்காது. ஆனால் அந்த அடி முழுசாக உள்ளே போய்விடும். ஆக, கீறல் இல்லாத பெட்டி பத்திரமாக வந்த பெட்டி என்று நினைக்க வேண்டாம். உங்கள் பெட்டிகளில் பல தட்டையாக விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது, மெத்தையாக எதை வைப்பது. "கெட்டியான தெர்மாகோல் பலகையை ஆறு பக்கமும் வைத்தேன், அப்படியும் போச்சு" என்று பலர் சொல்வார்கள். பல்பு எடை குறைந்த பொருள். சாதாரண வீட்டு பல்பு ஒன்று 30 கிராம் அளவில்தான் இருக்கும். 40 பல்பு சேர்ந்தும் ஒன்றரை கிலோவைத் தொடாது. இவ்வளவு லேசான சுமை, அடிப்பக்கம் முழுவதும் பரப்பிய கெட்டித் தெர்மாகோலை அமுக்கவே அமுக்காது. அமுங்காத மெத்தை மரப்பலகைக்குச் சமம். லேசான பொருளுக்கு மென்மையான ஃபோம் வேண்டும். அல்லது கெட்டி ஃபோமைச் சிறு துண்டுகளாக்கி மூலைகளில் மட்டும் வைக்க வேண்டும். பரப்பு குறைந்தால்தான் அது அமுங்கும். எந்த ஃபோமும் முழுத் தடிமனுக்கு அமுங்காது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் இறுகிவிடும். 3 சென்டிமீட்டர் நிற்கும் தூரம் வேண்டுமானால் 5 சென்டிமீட்டராவது வைக்க வேண்டும்.

நான் சொல்லும் முறை பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் ஒவ்வொரு பல்புக்கும் அட்டைப் பிரிப்பான்களால் ஆன தனி அறை, அறைக்குள் ஆடாத அளவு. அந்த உள்பெட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் மென்ஃபோம், அதற்கு மேல் கெட்டி வெளிப்பெட்டி.

அனுப்பும் முன் நீங்களே சோதிக்கலாம். ஐ.எஸ்.டி.ஏ. என்ற பொதி சோதனை அமைப்பின் 1ஏ முறையில் ஒரு பெட்டியைப் பத்து முறை கீழே போடுவார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். 9 கிலோ வரை உள்ள பெட்டிக்கு உயரம் 76 சென்டிமீட்டர். அரிய பல்புகளை வைத்துச் செய்யாதீர்கள். அதே அளவில் புதிய சாதாரண இழை பல்புகளை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஃபியூஸ் போன பல்பு வைத்தால் கண்ணாடியைப் பற்றி மட்டும்தான் தெரியும், இழையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மேடை_ஒளி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்க வேண்டும். இழைவிளக்கு, அந்த 480-இல் எத்தனை ஏற்கெனவே எரிய வைத்துப் பயன்படுத்தியவை? டங்ஸ்டன் இழை எரிய எரிய அதன் படிகத் துகள்கள் பெரிதாகி நொறுங்கும் தன்மை கூடிவிடும். ஆவியாகி மெலிந்தும் போகும். சூடாக இருக்கும்போது வளையும் அதே இழை, குளிர்ந்த பிறகு ஒரு தட்டில் முறியும். பல மணி நேரம் எரிந்த பல்பையும் புதியதையும் ஒரே பெட்டியில் ஒரே மாதிரி அனுப்பக் கூடாது.

அதே வாட்டில் 12 வோல்ட் பல்பின் இழை குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், வீட்டு மின்சார வோல்ட்டேஜில் எரிவதன் இழை நீளமாகவும் மெலிதாகவும் இருக்கும். நீளமான இழைக்குத் தாங்கு கம்பிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருப்பவைதான் முதலில் போகும். அவற்றை நடு அறைகளில் வையுங்கள்.

ப்ரொஜெக்டர்களில் வரும் செனான் ஆர்க் விளக்கு யாரிடமாவது இருந்தால் அதைப் பல்பு என்று நினைத்து மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அது அணைந்து குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே வாயு பல மடங்கு காற்றழுத்தத்தில் அடைபட்டிருக்கும். உடைந்தால் வெடிக்கும். தயாரிப்பாளர் கொடுத்த பாதுகாப்புக் கூட்டை விட்டு வெளியே எடுக்காமல், தனிப் பெட்டியில், வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். திறக்கும்போது முகக் கவசம் போடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு விபத்தை இங்கே விவரிக்க மனம் வரவில்லை. தயவுசெய்து கவனமாக இருங்கள்.

இழைவிளக்கு:

எரிந்தவை பாதிக்கு மேல். பட்டியலைச் சரிபார்த்தேன். இழை அறுந்தவற்றில் பெரும்பகுதி அவையே. எல்லாவற்றையும் கலந்து வைத்தது என் தவறு.

சக்கரம்30:

30 வருஷம் சரக்கு லாரி ஓட்டியவன் நான். தம்பி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று மேலே அழகாகச் சொல்லிவிட்டார்கள். பெட்டிக்கு வெளியே நடப்பதை நான் சொல்கிறேன்.

பார்ட் லோடு என்றால் உங்கள் சரக்கு ஒரே லாரியில் போகாது. புக்கிங் இடத்தில் ஒருமுறை ஏற்றுவார்கள், கிடங்கில் இறக்குவார்கள், வேறு லாரியில் ஏற்றுவார்கள், போகிற ஊர்க் கிடங்கில் திரும்ப இறக்குவார்கள், சின்ன வண்டியில் ஏற்றுவார்கள். ஏற்றி இறக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒருவர் கை மாறும். 3 கிலோ பெட்டி கையில் வந்தால் யாரும் நடந்து போய் வைக்க மாட்டார்கள். மேலே நிற்பவரிடம் தூக்கிப் போடுவார்கள், அவர் பிடிப்பார், சில நேரம் தவறும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆயிரம் பெட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் உங்கள் எழுத்தை யார் படிப்பது?

அதனால் எறிய முடியாத அளவுக்குப் பெரிதாகக் கட்டுங்கள். 12 சின்னப் பெட்டிகளையும் ஒரே பேலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டில்) அடுக்கி ஒன்றாகச் சுற்றிவிட்டால் அதைத் தூக்கி எறிய ஒருவராலும் முடியாது. ஃபோர்க்லிஃப்டில்தான் நகரும். ஃபோர்க்லிஃப்ட் சரக்கை மெதுவாகத்தான் வைக்கும், எறியாது.

ஏற்றும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பின் சக்கரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டாம் என்று. வண்டியில் அதிகம் துள்ளுவது கடைசி மூலைதான். முன்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் ஆட்டம் குறைவு.

சோதனைக்கூடம்:

ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு. பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) போட்ட லாரியின் தளம் வினாடிக்கு மூன்று முறை போல மேலும் கீழும் ஆடும். பத்து மணி நேரப் பயணத்தில் அது 1 லட்சம் ஆட்டத்தைத் தாண்டிவிடும். அறைக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் பல்பு அத்தனை முறை சுவரில் மோதும். நெருக்கமாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

புதுவரவு_07:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பெட்டி நிறைய தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி அதற்குள் பல்புகளைப் புதைத்துவிட்டால் போதாதா? எல்லாப் பக்கமும் தானாக நிரம்புமே.

கிடங்குக்காரன்:

நிரம்பும், ஆனால் ஆட்டத்தில் உருண்டைகள் விலகி வழிவிடும். கனமான பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போகும். பயணம் முடியும்போது பல்புகள் அடித்தட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும், உருண்டைகள் எல்லாம் மேலே இருக்கும். இடத்தை அடைக்க அது உதவும். பல்பைப் பிடித்து நிறுத்த உதவாது.

பேலட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அட்டைப்பெட்டியின் வலு பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலை மேல் சரியாக உட்கார வேண்டும். செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுப்பகுதியில் இறங்கும். தாங்கும் திறனில் பாதி வரை போய்விடலாம். பேலட்டுக்கு வெளியே பெட்டி இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்க மூலைகள் அந்தரத்தில் நிற்கும். ஈரக் காற்றில் அட்டை இன்னும் மெலியும். கப்பலிலோ மழைக்காலத்திலோ போவதாக இருந்தால் உங்களுக்குத் தேவை என்று தோன்றுவதை விட இரண்டு மடங்கு வலுவுள்ள பெட்டி எடுங்கள்.

நான்கு மூலைக்கும் எல் வடிவ அட்டைக் கோணம். ஸ்ட்ரெட்ச் ஃபிலிமைப் பேலட்டின் மரக்கட்டை வரை கீழே இறக்கிச் சுற்றுங்கள். பெட்டிகளை மட்டும் சுற்றினால் முழு அடுக்கும் பேலட்டில் இருந்து வழுக்கும். உச்சியில் ஒரு அட்டைக் கூம்பை ஒட்டிவிட்டால் அதன் மேல் வேறு சரக்கை வைக்க முடியாது. "மேலே அடுக்காதே" என்ற எழுத்தை விட அந்தக் கூம்பு நன்றாக வேலை செய்யும்.

பாதரசம்_கவனம்:

டியூப்லைட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள், அதனால் நான் எழுதுகிறேன். பழைய விளக்குகளைச் சேகரித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் இடத்தில் வேலை செய்கிறேன்.

நீளப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அது நடுவில் வளையும். அட்டை வளைந்து நிமிர்ந்துவிடும், கண்ணாடி வளையாது. பெட்டியின் முழு நீளத்துக்கும் அடியில் ஒரு மரச்சட்டமோ பலகையோ வைத்துக் கட்டுங்கள். டியூப் முனைப்பக்கமாகவே அதிகம் நகரும், அதனால் இரண்டு முனையிலும் 5 சென்டிமீட்டர் ஃபோம் கட்டாயம். பாதி நிரம்பிய பெட்டிதான் மிக மோசம். 25 டியூப் பிடிக்கும் பெட்டியில் 20 வைத்தால் மீதி ஐந்து இடத்தையும் அதே விட்டத்தில் உருட்டிய அட்டைக் குழாய்களால் நிரப்புங்கள். டி8 டியூப்புக்கு விட்டம் 26 மில்லிமீட்டர், டி5-க்கு 16. இரண்டையும் ஒரே பெட்டியில் கலக்க வேண்டாம்.

அடுத்தது பாதரசம். ஒவ்வொரு டியூப்பிலும் சில மில்லிகிராம்தான் இருக்கும், ஆனால் இருக்கிறது. ஐரோப்பியச் சாலைவழி ஆபத்துச் சரக்கு விதிகளில் விளக்குகளுக்கு ஒரு விலக்கு உண்டு: தரச்சான்று பெற்ற முறையில் தயாரான விளக்காக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஆபத்துப் பொருள் 1 கிராமுக்கு மிகாமல், ஒரு பொதியில் மொத்தம் 30 கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும், தனித்தனியாகப் பிரித்து அடுக்கிய பொதி 1.2 மீட்டரில் இருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். உங்கள் பாதையில் எந்த விதி பொருந்தும் என்று சரக்கு நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள், பெட்டியில் இருப்பதை மறைக்காதீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் எடுத்த முடிவின்படி குழல் விளக்குகளின் தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் 2027-க்குள் நிற்க இருக்கின்றன. எல்லை தாண்டி அனுப்புபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

டியூப் பெட்டியின் உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் அடுக்குங்கள். உடைந்தாலும் தூள் வெளியே வராது. உடைந்ததைத் திறப்பவர்களுக்கும் சொல்லுங்கள்: ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே இருக்க வேண்டும், வாக்குவம் க்ளீனர் வேண்டாம், கெட்டி அட்டையால் வாரி, ஒட்டும் டேப்பால் தூளை எடுத்து, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடிய டப்பாவில் போட வேண்டும்.

ரசீது_கோப்பு:

சரக்கு நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பது என் வேலை. இழைவிளக்கு அவர்களே, "நல்லபடி வந்தது" என்று கையெழுத்து விழுந்த அந்த நேரத்தில் உங்கள் கோரிக்கை பாதி வலுவிழந்துவிட்டது. அடுத்த முறை "பெட்டி வெளியே சரி, உள்ளே சோதிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அன்றே சில பெட்டிகளைத் திறந்து மல்டிமீட்டரில் இழை தொடர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல்புக்குச் சில விநாடிதான் ஆகும், மாட்டி எரிக்கத் தேவையில்லை. மறைந்த சேதத்தைத் தெரிவிக்கக் காலக்கெடு குறுகியது: நாடுகளுக்கிடையே சாலைவழிச் சரக்குக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கையில் 7 நாள், கப்பலுக்கான ஹேக்-விஸ்பி விதிகளில் 3 நாள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு பெரும்பாலும் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சி.எம்.ஆர். படி ஒரு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அளவுதான் உச்சவரம்பு. ஒன்றரை கிலோ பல்புக்கு என்ன வரும் என்று பாருங்கள். எடை குறைந்து மதிப்பு கூடிய பொருளுக்குத் தனிக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காப்பீடும், மிக விரிவான இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் ஏ வகையாக இருந்தாலும், போதாத பொதியால் வந்த சேதத்தை ஏற்காது. அடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

இழைவிளக்கு:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நேற்று இரண்டாவது சரக்கு போய்ச் சேர்ந்தது.

360 பல்பு, 18 உள்பெட்டி, ஒவ்வொன்றிலும் 20 தனி அறை, எல்லாம் ஒரே திசையில். எரிந்த பல்புகள் தனிப் பெட்டிகளில், கூடுதல் ஃபோமோடு. முதலில் புதிய பல்புகளை வைத்துப் பத்து முறை கீழே போட்டுப் பார்த்தேன். முதல் சோதனையில் 4 போயின, நான் வாங்கிய ஃபோம் கெட்டி வகை. அதை மூலைத் துண்டுகளாக வெட்டி மாற்றியதும் எதுவும் போகவில்லை. எல்லாம் ஒரே பேலட், உச்சியில் கூம்பு. டியூப் பெட்டிக்கு அடியில் பலகை.

அங்கே இறக்கிய உடனே மீட்டரில் பார்த்தார்கள். 360-இல் 7 போயிருந்தது, அதில் 5 எரிந்த பல்பு. டியூப்லைட் ஒன்றுகூட உடையவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புரியாதது ஒன்று மட்டும். மீதி 2 பல்பும் புதியவை, இரண்டிலும் கழுத்தில் விரிசல். இரண்டும் மேல் அடுக்கின் ஒரே ஓரப் பெட்டியில், ஓர அறையில் இருந்தவை. வெளிப்பெட்டியின் மேல் விளிம்பில் ஒரு கோடு போல அமுங்கிய தடம் இருக்கிறது.

கிடங்குக்காரன்:

பேலட்டை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினீர்களா?

இழைவிளக்கு:

ஆமாம், ஃபிலிமுக்கு மேல் குறுக்கே இரண்டு பட்டை.

கிடங்குக்காரன்:

பட்டை அந்த விளிம்பை வெட்டி, ஃபோமை முழுக்க அமுக்கியிருக்கிறது. அமுங்கின இடத்தில் மெத்தையே இல்லாமல் போய்விட்டது. உங்கள் அட்டைக் கோணங்கள் செங்குத்தாக மட்டும் நிற்கின்றன. பட்டை திரும்பும் மேல் விளிம்புகளிலும் ஒரு கோணம் படுக்கையாக வைத்து, அதன் மேல் பட்டையைப் போடுங்கள். இழுக்கும் கருவியைக் கடைசிப் பல் வரை இறுக்க வேண்டாம், பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைந்தால் போதும்.